ஒன்பதாவது நகரம்

கணினி விளையாட்டு என்றவுடன் பெற்றோர் பலர் முகம் சுளிப்பர். காதைப் பிளக்கும் துப்பாக்கி வேட்டும், கண்ணிமைக்கும் நேரத்தில் விரலை அசைக்க வேண்டிய பரபரப்புமே அவர்தம் நினைவுக்கு வரும். ஆயின், கணினி விளையாட்டுகளுள் சதுரங்கத்தைப் போல முறைவைத்து ஆடப்படுபவையும் உண்டு. ஒருவர் தம் காய்களை நகர்த்தி முடித்த பின்னரே அடுத்தவர் முறை வரும். நின்று நிதானித்துச் சிந்திப்பவரே வெற்றி பெறுவர்.

அவ்வகையில் உலகப் புகழ் பெற்றது, 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' என்னும் விளையாட்டின் மூன்றாம் பாகம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இயங்கி வந்த நியூ வேர்ல்டு கம்ப்யூட்டிங் என்ற நிறுவனம் இதனை 1999-ஆம் ஆண்டில் வெளியிட்டது. இதில் ஒரு முறை என்பது ஒரு நாள்; ஏழு நாள் ஒரு வாரம். வாரம் பிறந்ததும் ஒவ்வொரு நகரிலும் புதிய படைவீரர்கள் தோன்றுவர். பொன், மரம், கனிமம், பாதரசம், கந்தகம், பளிங்கு, மணி என ஏழு செல்வங்களைத் திரட்டி, அவ்வீரர்களைக் கூலிக்கு அமர்த்திப் படை நடத்த வேண்டும். போர்க்களமோ அறுகோணக் கட்டங்களால் ஆனது. குறுக்கே பதினைந்து, நெடுக்கே பதினொன்று, ஆக 165 கட்டங்கள்!

மூல விளையாட்டில் எட்டு வகை நகரங்கள் இருந்தன. தேவதூதர்கள் காக்கும் கோட்டை ஒன்று. எலும்புக்கூடுகள் உலவும் இடுகாட்டு நகரம் ஒன்று. இவ்வாறு எட்டும் எட்டு விதம். ஆயினும் வலிமையில் அவை ஏறத்தாழச் சமமாகவே அமைந்திருந்தன. நம் ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. இரு தரப்பும் வெவ்வேறு; எனினும் ஆட்டம் சமம். நான்காவதாக ஒரு புலியைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஆடுகள் பாடு திண்டாட்டந்தான்!

விளையாட்டு வெற்றி பெற்றதும், அதற்கு ஒரு கூடுதல் தொகுப்பை வெளியிட நிறுவனம் முடிவு செய்தது. கூடுதல் தொகுப்பு தனித்து இயங்காது. மூல விளையாட்டை வைத்திருப்போர் அதன்மேல் சேர்த்துக்கொள்ளும் இணைப்பு அது. 'ஆர்மகெடன்ஸ் பிளேடு', அதாவது ஊழிப் பேரழிவின் வாள், என்பது அத்தொகுப்பின் பெயர். உலகையே எரித்துச் சாம்பலாக்க அவ்வாளைத் தேடும் லூசிஃபர் என்னும் கொடிய அரசனையும், அவனைத் தடுக்கப் புறப்படும் எராத்தியா நாட்டு அரசி கேதரினையும் பற்றியது அதன் முதன்மைக் கதை.

இத்தொகுப்பில் ஒன்பதாவது நகரம் ஒன்றைச் சேர்ப்பதாகத் திட்டம். அதற்கு 'ஃபோர்ஜ்', அதாவது உலைக்கூடம், என்று பெயரிட்டனர். பறக்கும் பொறியை முதுகில் சுமந்த எருதுத்தலை வீரனும், பீரங்கி வண்டிச் சக்கரங்களின்மேல் அமர்ந்த நாகமும் அந்நகரின் படையில் இடம்பெறவிருந்தனர். படங்கள் வெளியானதும் எழுந்தது எதிர்ப்பு. வில்லும் வாளும் மந்திரமும் நிறைந்த உலகில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர்.

தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. இதே கற்பனை உலகில் அமைந்த 'மைட் அண்ட் மேஜிக்' கதை விளையாட்டுகள் 1986-ஆம் ஆண்டு முதல் வெளிவந்துகொண்டிருந்தன. விண்வெளியிலிருந்து வந்த முன்னோரின் இயந்திரங்கள் அவற்றில் தொடக்கம் முதலே உண்டு. அவற்றின் ஏழாம் பாகத்தில் நன்மையில் முடியும் முடிவு ஒன்று, தீமையில் முடியும் முடிவு ஒன்று. தீய முடிவின் தொடர்ச்சியாகவே உலைக்கூட நகரம் பிறக்கவிருந்தது. ஆனால், அக்கதைகளை ஆடியறியாத பலருக்கு இத்தொடர்பு தெரியவில்லை. முன்னுரை இன்றி வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவிட்டனர் என்று சொல்லலாம்.

முடிவில் நிறுவனம் பணிந்தது. உலைக்கூடம் கைவிடப்பட்டது, கதையும் நல்ல முடிவின் தொடர்ச்சியாக மாற்றி எழுதப்பட்டது. 1999-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொகுப்பு வெளிவந்தபோது, அந்த இடத்தில் 'கான்ஃபிளக்ஸ்' என்னும் பூதங்களின் நகரம் இருந்தது. நாம் ஐம்பூதம் என்போம். மேலை மரபில் வான் நீங்கலாக நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கே பூதங்கள். பார்வைக்கு அந்நகரம் பொருத்தமாகவே இருந்தது. ஒருவரும் குறை கூறவில்லை. குறை கணக்கில் இருந்தது!

மாணவச் செல்வங்களே, அக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கோட்டை நகரின் தலைசிறந்த வீரன் தேவதூதர் தலைவன். அடிப்படைக் கணக்கில் வாரத்துக்கு ஒருவனே கிடைப்பான். விலை 5000 பொன்னும் மூன்று மணிகளும், உயிர்வலிமை 250. பூத நகரின் தலைசிறந்த வீரனோ பீனிக்ஸ் பறவை. வாரத்துக்கு இரண்டு கிடைக்கும். ஒன்றின் விலை 2000 பொன்னும் ஓரளவு பாதரசமும், உயிர்வலிமை 200. ஆக, ஒரு வாரத்தில் கோட்டைக்காரர் 5000 பொன் செலவிட்டு 250 வலிமை பெறுவார். பூத நகரத்தார் 4000 பொன் செலவிட்டு 400 வலிமை பெறுவார். தாக்கும் திறனிலும் காக்கும் திறனிலும் தேவதூதன் உயர்ந்தவன் என்பது உண்மையே. ஆனால் விரைவில் பீனிக்சுக்கு 21, அவனுக்கு 18. எனவே முதல் அடி பறவையுடையது. போதாக்குறைக்கு, மாண்ட பீனிக்ஸ் பறவைகளுள் சில சாம்பலிலிருந்து மீண்டும் எழும். இதுதான் நான்காவது புலி. போட்டி ஆட்டங்கள் பலவற்றில் இந்நகரைத் தேர்ந்தெடுக்கத் தடை விதிக்கும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

தோற்றத்தைப் பற்றி எழுந்த பெருங்குரலில் பாதியேனும் எண்களைப் பற்றி எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

தொகுப்பில் வேறு பல சேர்க்கைகளும் இருந்தன. ஆயிரம் உயிர்வலிமை கொண்ட நீலப் பறவைநாகம் அவற்றுள் ஒன்று. அதை எதிர்கொண்டவர் எளிதில் மறக்கமாட்டார். ஆயினும் மிகப் பயனுள்ள சேர்க்கை, ஆரவாரமின்றி வந்த வேறொன்று. ஆடுவோர் விரும்பும்போதெல்லாம் கணினியே புதிய நிலப்படம் வரைந்து தரும் வசதி அது. ஆறும் மலையும் சுரங்கமும் ஒவ்வொரு முறையும் இடம் மாறும். மனப்பாடம் செய்த வழியில் ஓட இயலாது. இவ்விளையாட்டு இன்றளவும் ஆடப்படுவதற்கு இவ்வசதி ஒரு முக்கியக் காரணம். நகரத்துக்காகச் சண்டையிட்டவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நிறுவனத்தின் காலம் நெடிது நீளவில்லை. தாய் நிறுவனமான 3டிஓ 2003-ஆம் ஆண்டில் நொடித்துப் போக, விளையாட்டின் உரிமையைப் பிரான்சு நாட்டின் யூபிசாஃப்ட் வாங்கியது. அந்நிறுவனம் 2015-இல் மூல விளையாட்டைப் புதுப்பொலிவுடன் மறுபடியும் வெளியிட்டபோது, கூடுதல் தொகுப்புகளைச் சேர்க்க இயலவில்லை. அவற்றின் மூல நிரல் பயன்படும் நிலையில் கிடைக்கவில்லை. நிலப்படம் வரையும் வசதியும் அதனால் விடுபட்டுப் போயிற்று.

விடுபட்டதைக் கைவிடாமல் காத்தவர்கள் ஆட்டக்காரர்களே. பழைய தொகுப்பின்மேல் 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்னும் புதிய சேர்க்கையை ஆர்வலர் குழு ஒன்று ஊதியமின்றி உருவாக்கி, 2011 முதல் வளர்த்து வருகிறது. முதலில் கடற்கொள்ளையர் நகரம் ஒன்றைச் சேர்த்தனர். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அடுத்த நகரம் வந்தது. அதன் பெயர் தொழிற்சாலை. பித்தளை இயந்திர மனிதர்களும், துப்பாக்கி ஏந்திய வீரர்களும், மாபெரும் போர்ப்பொறிகளும் அந்நகரின் படையில் அணிவகுத்து நிற்கின்றனர்.