கமக்காரரும் பழைய மண்வெட்டும் இயந்திரமும்

அயலூரில் ஒருவர் தம்முடைய பழைய மண்வெட்டும் இயந்திரத்தை விற்கப் போகிறார் என்ற செய்தி கிராமத்துக்கு வந்தால், காணி திருத்தும் எண்ணத்தோடு இருக்கும் கமக்காரருக்கு அன்றிரவு நித்திரை வருவதில்லை. புதிய இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் கேட்கும் விலை மிகக் குறைவு. மணித்தியாலத்துக்கு இவ்வளவென்று வாடகைக்குக் கொட்டும் காசை இயந்திரத்துக்கே கொடுத்தால் அது வீட்டு முற்றத்திலேயே நிற்குமே என்று மனம் கணக்குப் போடுகின்றது. மறுநாளே மனைவியின் நகைகள் அடகுக்குப் போகின்றன. அதுவும் போதாதவிடத்து லீசிங் கம்பனியின் படிவம் நிரப்பப்படுகின்றது. இந்த இரண்டு நாள் அவசரத்திலே எடுக்கப்படும் முடிவு பின்னர் ஐந்தாறு வருடங்கள் குடும்பத்தின் வரவு செலவைத் தன் வழியே இழுத்துச் செல்ல வல்லது. ஆதலின் அந்த முடிவை எவ்வாறு எடுப்பது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

முதலில் இயந்திரம் எதுவென்று தெளிய வேண்டும். நம் நாட்டில் மண்ணைத் தோண்டும் எதனையும் பெக்கோ என்றே அழைக்கும் வழக்கம் உண்டு. ஆயின் சந்தைக்கு வருபவை பல வகையின. நான்கு சில்லுகளில் ஓடி, முன்புறம் அள்ளும் வாளியும் பின்புறம் தோண்டும் கையுமாக அமைந்தது ஒரு வகை. 1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவரின் நிறுவனம் உழவு இயந்திரத்தின் பின்னே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கையொன்றைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளே இன்று ஜே.சி.பி. என்று ஊரெல்லாம் வழங்குகின்றன. இவ்வகை இயந்திரம் ஏறக்குறைய எட்டுத் தொன் நிறையுடையது. வீதியில் தானே ஓடிச் செல்லும். மற்றொரு வகை, இரும்புச் சங்கிலியில் ஊர்ந்து, மேற்பாகம் முழுவதும் சுற்றித் திரும்புவது. அதில் இருபது தொன் வகுப்புப் பெரிய இயந்திரங்களும் உண்டு. ரப்பர்ச் சங்கிலி பூண்ட இரண்டு மூன்று தொன் சிறிய இயந்திரங்களும் உண்டு. சங்கிலி இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் லொறியில் ஏற்றியே வீதி வழி கொண்டு செல்ல வேண்டும். அந்தக் கூலியை மறந்துவிட்டு விலை பேசியவர்கள் பலர்.

இனி வேலையின் அளவுக்கு வருவோம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் மேட்டுக்காணி உடைய ஒருவரை எண்ணிக்கொள்க. அவர் 20 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் 2 மீற்றர் ஆழமுமான ஒரு நீர்க்குட்டை வெட்ட விரும்புகிறார். அது 600 கன மீற்றர் மண். சில்லு இயந்திரம் சாதாரண மண்ணில் மணிக்கு 30 கன மீற்றர் தோண்டுமென்று வைத்தாலும் 20 மணித்தியாலத்தில் வேலை முடியும். பாலை, வீரை முதலிய மரங்களின் அடிக்கட்டைகள் நாற்பது உள; கட்டைக்கு அரை மணியாக இன்னொரு 20 மணித்தியாலம். 300 மீற்றர் வடிகாலுக்கு எட்டு மணித்தியாலம். ஆக, அவருடைய காணி முழுவதும் கேட்பது ஐம்பது மணித்தியாலத்துக்கு உட்பட்ட வேலையே. ஒரு வாரம், தவறினால் பத்து நாள்.

வெட்டிய மண் குழியில் இருந்ததைவிடக் கிளறியபின் நாலிலொரு பங்கு பருத்துவிடும் என்பதை இங்கே சொல்லிவைத்தல் நன்று. 600 கன மீற்றர் குழியிலிருந்து 750 கன மீற்றர் குவியல் எழும். அதனை எங்கே போடுவது என்று எண்ணாமல் தோண்டியவர், தோண்டிய நேரத்துக்கு ஈடான நேரத்தை அதைத் தள்ளுவதிலே செலவிட நேரும்.

ஐம்பது மணித்தியாலத்தை விலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கேட்கும் விலையை ஒரு மணித்தியால வாடகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அது ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மணித்தியாலம் ஓட்டினால் முதல் திரும்பும் என்று எண்ணுவது தவறு. வாடகை இயந்திரம் வரும்போது டீசலும் சாரதியின் சம்பளமும் பழுது பார்க்கும் செலவும் பெரும்பாலும் அந்தக் கூலிக்குள்ளேயே அடங்கியிருக்கும். சொந்த இயந்திரத்துக்கு அவை யாவும் தனியே வேண்டும். வாடகையிற் பாதி இவற்றுக்குப் போகுமாயின், மணித்தியாலத்துக்கு மிஞ்சுவது மற்றப் பாதியே. அப்போது முதல் திரும்ப இரண்டாயிரம் மணித்தியாலம் ஓட வேண்டும். தன் காணியில் ஐம்பது மணித்தியால வேலை உடையவர் இரண்டாயிரம் மணித்தியாலத்தை எங்கே தேடுவது? அயலவர் காணியிலேதான். அன்று முதல் அவர் கமக்காரர் மட்டும் அல்லர்; வாடகை இயந்திரத் தொழில் நடத்துபவருமாவார். அதற்குரிய ஆளும் அறிவும் பொறுமையும் அவரிடம் உண்டா என்பதே உண்மையான கேள்வி. இயந்திரத்தின் விலை மலிவா என்பது அதற்கு அடுத்தது.

வாங்க விரும்புவோரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. வன்னியிலே மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பொழிகின்றது. அக்காலத்தில் மண் சேறாகிச் சில்லில் அப்பிக்கொள்ளும், இயந்திரம் புதையும். கோடை முற்றினாலோ அதே செம்மண் கல்லாய் இறுகிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே மண் இணங்கி நிற்கும் வாரங்கள் சிலவே. அந்த வாரங்களில் எல்லாக் கமக்காரரும் ஒருங்கே இயந்திரத்தைத் தேடுவர். இன்று வருகிறேன் என்ற வாடகைக்காரர் நாளை மறுநாளும் வாரார். குட்டை வெட்டி முடியுமுன் முதல் மழை விழுந்துவிட்டால் ஒரு போகமே கைநழுவிப் போகலாம். சொந்த இயந்திரம் தருவது மலிவை அன்று. குறித்த நாளில் வேலை நடக்கும் என்ற உறுதியை. இதற்கு ஒரு விலை கொடுப்பது மடமையாகாது.

இன்னொரு வாதமும் உண்டு. வாங்கி, ஒரு கோடை வேலை செய்து, பின் விற்றுவிட்டால் விலையிற் பெரும்பகுதி திரும்புமே என்பர். பழைய இயந்திரத்தின் விலை புதியதைப் போல் ஒரே வருடத்தில் சரிவதில்லை. ஆதலின் இது பொய்யன்று. ஆயின் இடையிலே எண்ணெய்ப் பம்பியோ கியர்ப் பெட்டியோ ஒருமுறை உடைந்தால் அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திரார். டீசல் இன்றி நாடெங்கும் வாகனங்கள் வரிசையில் நின்றன. ரூபாவின் மதிப்பு வீழ்ந்ததால் இறக்குமதியாகும் உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. கடனுக்கு வாங்கிய இயந்திரம் மரத்தின் கீழ் நின்றாலும் வட்டி நிற்பதில்லை. கைக்காசில் வாங்குவதற்கும் தவணைக் கடனில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வருடம் நன்கு காட்டியது. வீட்டு நகையும் காணி உறுதியும் பிணையாக நிற்குமிடத்து, வாடகைக்காரரின் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வதே பெரும்பாலோர்க்கு ஏற்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் காணிகளுக்கு இவ்வளவு ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. அங்கே பல இடங்களில் செம்மண்ணின் கீழே சில அடிகளிலேயே சுண்ணக்கல் தட்டுப்படும். வாளியின் பற்கள் அங்கே தேயுமேயன்றிக் கல் பெயராது. கல்லுடைக்கும் வேறு கருவி பூட்ட வேண்டும். அதற்கெனப் பழகியவர்களை அழைப்பதே தக்கது.

அயலூர் வேலையும் கைக்காசும் நம்பத்தக்க சாரதியும் உள்ளவர் வாங்கத் துணிவாராயின், அவர் பார்க்க வேண்டியவை பல. விற்பவர் முதலிற் காட்டுவது மணிமானி. இயந்திரம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்பதை அது சொல்லும். ஆனால் மணிமானி மாற்றப்படலாம், அறுந்து நிற்கவும் கூடும். கால்மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, இருக்கை கிழிந்து, கைப்பிடிகள் மெருகேறியிருக்க, மணிமானி மட்டும் மூவாயிரம் காட்டுமாயின் நம்ப வேண்டியது கால்மிதியையே. புதிதாகப் பூசிய மஞ்சள் வர்ணமும் அத்தகையதே. வர்ணத்தின் கீழே ஒட்டுவேலை மறைந்திருக்கும். கை அடித்தளத்தோடு சேருமிடத்திலும் வளையுமிடத்திலும் விரலால் தடவிப் பார்த்தால் பழைய வெடிப்பின் மேடு அகப்படும்.

இயந்திரத்தின் மூட்டுகள் அதன் வயதை ஒளிப்பதில்லை. வாளியை நிலத்திலிருந்து சற்று உயர்த்தி நிறுத்தி, அதன் நுனியைக் கையால் இருபக்கமும் அசைத்துப் பார்க்க வேண்டும். சிறிது அசைவு எதிலும் இருக்கும். கலகலவென்று ஆடினால், மூட்டுகளிலுள்ள பின்னும் புஷ்ஷும் தேய்ந்தன. கிறீஸ் பூசாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள். பின்னும் புஷ்ஷும் மாற்றலாம். அவை பொருந்தும் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பின் அதனைக் கடைந்து சீராக்க வேண்டும்; அது பெருஞ் செலவு. சங்கிலி இயந்திரமாயின் கீழ்ப்பாகத்தையே முதலிற் பார்க்க வேண்டும். சங்கிலி, உருளைகள், பற்சில்லு ஆகியவற்றின் தேய்மானமே அவ்வகையில் பழுதுச் செலவின் பெரும்பங்கு. பற்சில்லின் பற்கள் சுறாவின் பல்லைப்போல் கூர்ந்து வளைந்திருந்தால் முழுத் தொகுதியையும் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது.

எண்ணெய் அழுத்தத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வாளியில் மண் நிரப்பிக் கையை உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வாளி சிறிது இறங்குவது வழமை. கண்ணுக்குத் தெரியவே தாழ்ந்துகொண்டு போகுமாயின் சிலிண்டரிலோ வால்விலோ உள்ளே கசிவு உண்டு. பின்பக்கத் தாங்குகால்களையும் இவ்வாறே ஊன்றிப் பார்க்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் விற்பவர் வேறு பேச்சுக்கு இழுக்க முயல்வார், தேநீரும் வரும். கண்ணை வாளியிலிருந்து எடாமலிருப்பது நல்லது. உயர்த்திய வாளியின் கீழ் ஒருவரும் நிற்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எஞ்சினைப் பார்க்கப் போகிறவர் காலையிலேயே, சொல்லாமற் போவது நன்று. போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சூடாயிருப்பின், குளிர்ந்த நிலையில் இலகுவில் இயங்காத ஒன்றை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம். இயங்கிய பின் வரும் புகையிலும் செய்தி உண்டு. பளுவில் தொடர்ந்து கரும்புகை கக்கினால் காற்று வடிகட்டியோ டீசல் தெளிக்கும் முனைகளோ பழுது. நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிகின்றதென்பதன் அடையாளம். சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாவிடின் குளிரூட்டும் நீர் உள்ளே இறங்குகின்றதோ என்று பார்க்க வேண்டும். எண்ணெய் அளக்கும் கம்பியில் பால் கலந்தாற்போன்ற நிறம் காணப்படின் அந்த ஐயம் உறுதியாகும். அவ்வியந்திரத்தை விட்டுவிடுவதே மேல். இச்சோதனைகளைத் தாமே செய்யத் தெரியாதவர் கராச் வைத்திருக்கும் ஒருவருக்கு ஒருநாட் கூலி கொடுத்து உடனழைத்துச் செல்லலாம். விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் அதற்கு உதவார்.

உதிரிப்பாகம் கிடைக்கும் இடத்தையும் முன்னரே விசாரிக்க வேண்டும். அருமையான யப்பானிய இயந்திரமாயிருக்கலாம். ஆனால் அதே வகை நாட்டிலே பத்து மட்டும் இருப்பின், ஒரு சிறு இறப்பர் வளையத்துக்காக வாரக்கணக்கில் நிற்க நேரும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாகம் கிடைக்கும் சாதாரண இயந்திரம் அதனினும் சிறந்தது.

தோண்டுவதற்கு நிலத்தில் உரிமை உண்டா என்பதும் கேட்கப்பட வேண்டியதே. சொந்தக் காணியாயினும் மணலும் கிறவலும் அகழ்ந்து விற்பதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். வயற்காணியை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறவேண்டும்; வயலில் கைவைக்குமுன் கமநல சேவை நிலையத்தில் விசாரிப்பது முறை. வாடகைக்கு இயந்திரம் ஓட்டுவோர் இதனை அறியாமல் அயலவர் காணிக்குள் இறங்கினால் இயந்திரமே கைப்பற்றப்படக் கூடும். வன்னியில் இன்னொன்றும் உண்டு. யுத்தம் 2009இல் முடிவுற்றதாயினும், மண்ணுக்குள் வெடிபொருள் அகப்படுவது அதன் பின்னரும் தொடர்ந்தது. கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தப்படாத நிலத்தில், எவர் எவ்வளவு கூலி தந்தாலும் வாளியை இறக்கக் கூடாது.

தனியே வாங்க இயலாத நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவதும் உண்டு. ஐம்பது மணித்தியாலம் இருநூற்றைம்பதாகும். கடன் சுமையும் பகிரப்படும். ஆயின் மண் இணங்கும் அந்தச் சில வாரங்களில் முதலில் யாருடைய காணி என்ற வழக்கு எழாமலிராது. முறையும், உடைந்தால் செலவு யாரைச் சாரும் என்பதும், ஒருவர் விலகினால் அவர் பங்கின் கதி என்ன என்பதும் வாங்குமுன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். சாரதி ஒருவராகவே இருத்தல் வேண்டும். ஆளுக்கொரு நாள் ஓட்டும் இயந்திரத்துக்குக் கிறீஸ் பூசுவார் ஒருவரும் இரார்.

காசு கைமாறுமுன் பதிவுச் சான்றிதழை வாசிக்க வேண்டும். அதில் முற்றுரிமையாளர் என்ற இடத்தில் ஏதேனும் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், விற்பவர் இன்னும் தவணை கட்டி முடிக்கவில்லை என்பது பொருள். அக்கம்பனிக்கே நேரிற் சென்று நிலுவை எவ்வளவென்று கேட்டு, அத்தொகையை அங்கேயே கட்டிவிட்டு, மிகுதியை மட்டும் விற்பவர் கையிற் கொடுப்பது வழி. எஞ்சின் இலக்கத்தையும் சட்டத்தில் பொறித்த இலக்கத்தையும் சான்றிதழோடு ஒப்பிடுகையில், எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தகட்டைத் துடைத்துப் பார்க்க ஒரு பழந்துணியையும் உடன் கொண்டுபோதல் நன்று.