சிவப்புச் சிலுவை இருந்தும் குண்டு விழுந்தது!

1944, பிப்ரவரி 7. பிற்பகல் நேரம். இத்தாலியின் அன்சியோ கடற்கரையில், அமெரிக்க ராணுவத்தின் 95-வது மருத்துவமனை கூடாரங்களில் இயங்கிக்கொண்டிருந்தது. வானிலிருந்து பார்த்தாலே தெரியும்படி பெரிய சிவப்புச் சிலுவைக் குறிகள். உள்ளே அறுவை சிகிச்சைகள் நடந்துகொண்டிருந்தன.

அந்த நேரத்தில், குண்டு வீச வந்த ஜெர்மன் விமானம் ஒன்றை ஸ்பிட்ஃபயர் போர் விமானம் துரத்தியது. தப்பிக்க வேண்டுமானால் சுமையைக் குறைக்க வேண்டும். விமானி குண்டுகளை அப்படியே உதறினார். விழுந்த இடம், மருத்துவமனை. 3 நர்ஸுகள் உட்பட 25-க்கும் அதிகமானோர் பலியானார்கள். 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விமானியும் தப்பவில்லை. சுட்டு வீழ்த்தப்பட்ட அவரைக் காயங்களோடு அதே மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். அவருக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டது.

ஒதுங்க இடமில்லை

மருத்துவமனைகள் போர்முனைக்குப் பல மைல் பின்னால் இருப்பதுதான் வழக்கம். அன்சியோவில் அதற்கு வழியில்லை. ஜனவரி 22-ல் தரையிறங்கிய நேச நாட்டுப் படைகளின் கையில் இருந்தது, கடலோரமாக ஒரு சிறு நிலத்துண்டு மட்டுமே. துறைமுகம், வெடிமருந்துக் கிடங்கு, பீரங்கிகள் எல்லாம் அதற்குள்தான், மருத்துவமனையும் அங்கேதான். எதை நோக்கிக் குண்டு வந்தாலும், குறி கொஞ்சம் தவறினால் நோயாளியின் தலையில்தான் விழும்.

கடலிலும் பாதுகாப்பில்லை. ஜனவரி 24 இரவு, விளக்குகள் எரிய நின்ற பிரிட்டிஷ் மருத்துவக் கப்பல் 'செயின்ட் டேவிட்' விமானத் தாக்குதலில் மூழ்கியது.

பிப்ரவரி 10-ல் அடுத்த இடி. இந்த முறை பீரங்கிக் குண்டுகள் 33-வது கள மருத்துவமனையைத் தாக்கின. 2 நர்ஸுகள் இறந்தார்கள். கூடாரம் தீப்பற்ற, மற்ற நர்ஸுகள் டார்ச் வெளிச்சத்தில் 42 நோயாளிகளை வெளியேற்றினார்கள். அன்சியோவில் காட்டிய துணிச்சலுக்காக மேரி ராபர்ட்ஸ், எலெய்ன் ரோ, ரீட்டா வர்ஜீனியா ரூர்க் ஆகிய நர்ஸுகளுக்கு 'சில்வர் ஸ்டார்' பதக்கம் கிடைத்தது.

மருத்துவமனை இருந்த பகுதிக்கு வீரர்கள் வைத்த பெயர், 'நரகத்தின் அரை ஏக்கர்'. அங்கே போவதைவிடப் போர்முனையே மேல் என்று காயத்தை மறைத்தவர்களும் உண்டு. பிறகு கூடாரங்களைப் பள்ளம் தோண்டி இறக்கி, சுற்றிலும் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். சிகிச்சை மட்டும் நிற்கவில்லை.

சட்டம் சொல்வது

மருத்துவமனைகளைத் தாக்கக் கூடாது என்கிறது 1949-ம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம். இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறது: ராணுவ இலக்குகள் மீதான தாக்குதல் பாதிக்காத தூரத்தில், முடிந்தவரை மருத்துவமனைகளை அமைக்க வேண்டும். தாக்குபவருக்கு மட்டுமல்ல, கூடாரம் அடிப்பவருக்கும் பொறுப்பு உண்டு.

துணியில் வரைந்த சிலுவை குண்டைத் தடுக்காது. குண்டு வைத்திருப்பவர் அதை மதிக்க வேண்டும். அது விழாத இடத்தில் நோயாளியின் கட்டில் இருக்கவும் வேண்டும்.