நூல் தேடும் வாசகரும் வாசகரைத் தேடும் நூலும்

கைப்பேசியிற் படித்தற்குரிய செயலிகள், வாசகர்க்கு ஏற்றவையெனச் சில நூல்களைத் தாமே பரிந்துரைக்கின்றன. ஒரு நூலை வாங்கினோர் வேறு எவற்றை வாங்கினர் என்று கணக்கிடுதல் இதற்குரிய முறைகளுள் ஒன்று. அமேசான் நிறுவனத்தார் 2003-இல் இதனைக் கட்டுரையொன்றில் விளக்கினர். இம்முறையில் பலர் வாங்கியதே மேலும் பலர்முன் வரும். அரிய உரைப்பதிப்போ, வாங்குவாரின்மையின் காட்டப்படாது, காட்டப்படாமையின் வாங்குவாருமிலர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், இரண்டாவது வாசகர்க்குரிய நூலை நாடும். மூன்றாவது நூலுக்குரிய வாசகரை நாடும். விற்பனைக் கணக்கு முன்னதற்கு ஓரளவு உதவும், பின்னதை மறந்தேவிடும். செயலியைத் திருத்தியமைப்போர் நூலின் பொருள், பதிப்பு, உரைகாரர் ஆகிய உறவுகளையும் கணக்கிற் கொள்ளல் வேண்டுமென்பது எம் கருத்து. அங்ஙனமாயின், புறநானூற்று மூலத்தைத் திறக்கும் மாணவர்முன் உ. வே. சாமிநாதையரின் 1894-ஆம் ஆண்டுப் பதிப்பும் ஒளவை துரைசாமிப் பிள்ளையின் உரையும் உடன் தோன்றும்.