காலரா கிருமி குடலைத் தாக்குவது எப்படி? நோயை உண்டாக்கும் புரதங்களும் உயிர் காக்கும் கரைசலும்

காலராவால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒருவரின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும். உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிரிழப்பு நேரிடலாம். ஆயினும், இந்நோய்க்குக் காரணமான விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா பொதுவாகக் குடல் சுவரைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. குடலின் மேற்பரப்பில் தங்கியவாறே, தான் உற்பத்தி செய்யும் சில புரதங்களைக் கொண்டு இப்பாதிப்பை ஏற்படுத்துகிறது. இப்புரதங்களின் செயல்பாட்டை அறிந்துகொண்டால், வயிற்றுப்போக்கு நிற்காதபோதும் ஓஆர்எஸ் கரைசலைத் தொடர்ந்து கொடுக்க வேண்டியதன் காரணமும் விளங்கும்.

குடலில் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள்

அசுத்தமான குடிநீர் அல்லது உணவின் வழியாக உடலுக்குள் செல்லும் இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் அழிந்துவிடுகின்றன. எஞ்சியவை வால் போன்ற இழையின் உதவியால் நீந்திச் சிறுகுடலை அடைகின்றன. அங்கு குடல் சுவரைப் போர்த்தியுள்ள சளிப்படலம் அவற்றுக்குத் தடையாக நிற்கிறது. இத்தடையைக் கடக்க, சளியைச் சிதைக்கும் நொதி ஒன்றை பாக்டீரியா சுரக்கிறது.

ஜிபிபிஏ என்ற மற்றொரு புரதம், சளியில் உள்ள ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. கழிமுகங்களிலும் கடலோர நீரிலும் வாழும்போது, மிதவை உயிரினங்களின் ஓட்டில் ஒட்டிக்கொள்ளவும் இதே புரதமே பயன்படுகிறது. அந்த ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளும் அதே வகைச் சர்க்கரையால் ஆனதே இதற்குக் காரணம்.

இதையடுத்து, டிசிபி எனப்படும் மெல்லிய புரத இழைகள் பாக்டீரியாக்களை ஒன்றோடொன்று பிணைத்துச் சிறு கூட்டங்களாக்குகின்றன. இந்த இழைகள் இல்லாத பாக்டீரியாக்களால் மனிதக் குடலில் நிலைபெற முடிவதில்லை. இழைகள், நச்சு ஆகிய இரண்டின் உற்பத்தியையும் டாக்ஸ்டி என்ற கட்டுப்பாட்டுப் புரதம் தூண்டுகிறது.

நச்சு செய்வது என்ன?

காலரா நச்சும் ஒரு புரதமே. அதில் ஒரு 'ஏ' பகுதியும் ஐந்து 'பி' பகுதிகளும் உள்ளன. 'பி' பகுதிகள் குடல் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஜிஎம்1 என்ற மூலக்கூறைப் பற்றிக்கொள்ள, 'ஏ' பகுதி செல்லுக்குள் நுழைகிறது. தேவைக்கேற்ப இயங்கி ஓய வேண்டிய ஒரு சமிக்ஞைப் புரதத்தை அது ஓயவிடாமல் செய்துவிடுகிறது. இதனால் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளின் அளவு உயர்ந்து, குளோரைடை வெளியேற்றும் வாயில்கள் திறந்தே கிடக்கின்றன. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும் நீரும் குடலுக்குள் பாய்கின்றன. அரிசி களைந்த நீரைப் போன்ற பேதி உண்டாவது இவ்வாறுதான்.

ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் 1884-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் காலரா பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதே நகரைச் சேர்ந்த மருத்துவ விஞ்ஞானி சம்பு நாத் டே, பாக்டீரியாக்களை முற்றிலும் வடிகட்டி நீக்கிய வளர்ப்புத் திரவத்தை முயலின் குடலில் செலுத்தி ஆராய்ந்தார். பாக்டீரியா இல்லாத அத்திரவமே குடலில் நீரைப் பெருகச் செய்ததை 1959-இல் நேச்சர் இதழில் அவர் வெளியிட்டார். நோயை விளைவிப்பது பாக்டீரியா வெளியிடும் நச்சே என்பது இதன்மூலம் உறுதியானது.

மூடாத மற்றொரு வாயில்

குளோரைடு வாயில்களைத் திறந்துவிடும் இந்த நச்சு, சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளிழுக்கும் புரதத்தைப் பாதிப்பதில்லை. எனவே, உப்பும் குளுக்கோஸும் உரிய விகிதத்தில் கலந்த நீரைக் குடித்தால், பேதி தொடரும்போதும் குடல் அந்நீரை உறிஞ்சிக்கொள்கிறது.

வங்கதேச விடுதலைப் போரின்போது, 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைப் பயன்படுத்தினார். அங்கு சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே குறைந்தது. மறைவுக்குப் பின், 2023-இல் அவருக்கு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பேதி நிற்கவில்லை என்பதால் கரைசல் பயனளிக்கவில்லை என்று கருதுவது தவறு. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்து, உடல் நோயை வெல்லும்வரை உயிரைக் காப்பதே அதன் பணி. பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவு தூய நீரில் முழுவதையும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண்கள் குழிவிழுதல், சிறுநீர் வெளியேறாமை, சோர்ந்து துவளுதல் ஆகிய அறிகுறிகள் தென்பட்டால், கரைசலைக் கொடுத்தவாறே உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.