மாட்டின் வாயில் கையை விடச் சொல்வது யார்?

"தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு. கையை விட்டுப் பாருடா."

ஊர்த்தெருவில் ஒரு மாடு தீனி எடுக்காமல், எச்சில் ஒழுக நின்றால் சேரிக்கு ஆள் வரும். அப்படித்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை அழைத்துப் போனார்கள். மாட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்றார். முழங்கை வரை உள்ளே போனது நம்மவரின் கை. தொண்டையில் எதுவும் அடைத்திருக்கவில்லை. நான்காம் நாள் மாடு செத்தது. இழுத்துப் போட மறுபடியும் அவரையே கூப்பிட்டார்கள். "நீ போய் ஊசி போட்டுக்கொள்" என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. விஷயம் தெரிந்து நாங்கள்தான் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல. வெறிநாய் கடித்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும். மேய்ச்சலில் கடிபட்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காயம் ஆறிப்போய், சில வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் நோய் தெரியும். கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறி, அங்கிருந்து எச்சிலுக்கு வருகிறது. தொண்டைத் தசை செயலிழப்பதால் மாட்டால் எச்சிலை விழுங்க முடிவதில்லை. பார்ப்பவருக்கு அது அடைப்பு போலத் தெரிகிறது. அந்த எச்சில் நம் கையிலுள்ள கீறலில் பட்டாலே ஆபத்து.

வேறு அறிகுறிகளும் உண்டு. மாடு குரல் மாறிக் கரகரப்பாக ஓயாமல் கத்தும். அடிக்கடி முக்கும். சில மாடுகள் கண்டதையெல்லாம் முட்டும். சில சோர்ந்து ஒதுங்கி நிற்கும். பின்னங்கால்கள் தள்ளாடும். பிறகு படுத்துவிடும். அறிகுறி தெரிந்த பின் பிழைப்பதில்லை. பெரும்பாலும் பத்து நாளுக்குள் முடிந்துவிடும்.

ஆனால், நடுங்கித் தள்ளாடும் மாடெல்லாம் வெறிநோய் மாடு அல்ல. கன்று ஈன்ற ஓரிரு நாளில் கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சலாக இருக்கலாம்; சுண்ணாம்புச் சத்துக் குறைவு. உரிய நேரத்தில் மருத்துவர் கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும். காயடித்த பின்போ காயம்பட்ட பின்போ கால்கள் விறைத்து, தாடை இறுகினால் இரணஜன்னி. ரேஷன் அரிசியோ சோறோ அளவுக்கு மீறித் தின்ற ஆடு பார்வை இழந்து, வானத்தைப் பார்த்தபடி நின்றால் பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். அன்றைக்கே ஊசி போட்டால் பல ஆடுகள் தேறும். பூச்சிமருந்து தெளித்த வரப்பில் மேய்ந்த ஆடு எச்சில் வடித்து நடுங்கினால் அது நஞ்சு. அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. காரணத்தைச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை யாரும் வாயில் கைவிடக் கூடாது. கஷாயமும் புகட்டக் கூடாது.

எச்சில் பட்டுவிட்டதா? சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம். எல்லாத் தவணையையும் போட்டு முடியுங்கள். மனிதருக்கும் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் நமக்குள் பேசியாக வேண்டும். சாகக் கிடக்கும் மாட்டை "நீங்களே அறுத்துக்கோங்க" என்று கூலிபோலத் தள்ளிவிடுவது இன்றும் நடக்கிறது. மாட்டுக்கறி நம் உணவு. அதில் நமக்கு வெட்கமில்லை. நோய் மாட்டை அறுப்பது வேறு. தலையை உடைக்கும்போது மூளையிலும் எச்சிலிலும் உள்ள கிருமி அறுப்பவரின் கைக்கு வருகிறது. செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுங்கள் என்று 1927இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் கேட்டுக்கொண்டது சுயமரியாதைக்காக. அதில் நம் உயிருக்கான பாதுகாப்பும் இருக்கிறது.

செத்த மாட்டைத் தூக்கும்படி பட்டியல் சாதியினரை நிர்ப்பந்திப்பது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. "வழக்கம்தானே" என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளே, இதை உங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த முறை ஊரிலிருந்து ஆள் வந்தால் அவர்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "டாக்டரைக் கூப்பிடுங்க. நான் கையை விடமாட்டேன்."