கடற்பாறையில் ஒரு பறவை நிலையம்

வட கடலிலே, ஜேர்மனியின் கரையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவில், ஹெல்கோலாந்து என்னும் செம்பாறைத் தீவொன்று உளது. பரப்பில் மிகச் சிறியது. எனினும், இளவேனிலில் வடக்கு நோக்கியும் கூதிர்காலத்தில் தெற்கு நோக்கியும் கடல் கடக்கும் பறவைகட்குக் கால் ஊன்றி இளைப்பாறும் இடம் அதுவே.

முற்காலத்தில் அப்பறவைகள் தீவினருக்கு உணவாயின. மரமற்ற பாறையிலே புதர்களை அமைத்து, வலையை மறைத்து, களைத்திறங்கும் பூங்குருவிகளைப் பிடித்தனர். 1837இல் அங்கு வந்த ஹைன்றிச் கேட்கே என்னும் ஓவியரோ, அவற்றை அரை நூற்றாண்டுக்கு மேலாக நோக்கிக் குறிப்பெழுதினார். 1891இல் அவை நூலாக வெளிவந்தன. 1910இல் ஹூகோ வைகோல்ட் என்பார் அங்குப் பறவை நிலையத்தைத் தொடங்கினார். அடுப்புக்கு இரை தேடிய பழைய உபாயம் அறிவு தேடும் கருவியாயிற்று.

அக்கருவி யாது? புதர்களை உள்ளடக்கிய பெரிய கம்பிவலைக் கூடு. அதன் வாய் அகன்றது. உள்ளே செல்லச் செல்லக் குறுகும். முடிவில் ஒரு சிறு பெட்டி. விடியலில் தொடங்கி நாளில் பன்முறை, பணியாளர் மெல்ல நடந்து பறவைகளை அப்பெட்டிக்குள் செலுத்துவர். பின்பு ஒவ்வொன்றின் காலிலும் எண் பொறித்த இலேசான உலோக வளையம் பூட்டப்படும். டென்மார்க் ஆசிரியர் மோர்டென்சன் 1899இல் தொடக்கிய முறை இது. சிறகை அளந்து, எடையை நிறுத்து, நெஞ்சின் இறகுகளை ஊதி விலக்கித் தோலடியிற் கொழுப்பு உளதா என்றும் பார்ப்பர். கொழுப்பே நெடும்பயணத்தின் எரிபொருள். எல்லாம் ஏட்டில் ஏறியதும் பறவை விடுவிக்கப்படும். மழையாயினும் குளிராயினும் மறுநாளும் இதே பணிதான்.

இவ்வாறு ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்வதால் யாது பயன் என நேயர்கள் வினவலாம். போரின் இறுதியில், 1945இல், குண்டுவீச்சால் தீவு பாழாயிற்று, மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1952இல் தீவு ஜேர்மனியிடம் மீண்டது. மறு ஆண்டு நிலையமும் திரும்பியது. 1960 முதல் ஒரே முறையில் பிடித்து எழுதிய கணக்கை ஆராய்ந்தபோது, பல இனங்கள் இளவேனிலில் முன்னிலும் பல நாள் முந்தி வருவது புலனாயிற்று. பருவம் வெப்பமுற, புழுபூச்சிகளும் முந்தித் தோன்றுகின்றன. அவற்றை நம்பிக் குஞ்சு வளர்க்கும் பறவை பிந்தி வரின், குஞ்சு பசியால் வாடும். இவ்வுண்மையை ஒரு பறவையோ ஓர் ஆண்டோ உரைக்கமாட்டா. இடையில் விடுபட்ட ஆண்டின் கணக்கைப் பின்னர் எவராலும் எழுதவும் இயலாது.

இப்பணியின் மறுபாதி வளையத்தைக் கண்டெடுப்பவர் கையில் உளது. மன்னாரின் கரையிலும் யாழ்ப்பாணக் கடல்நீரேரியிலும் ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்திறங்குகின்றன. வளையமிட்ட பறவை இறந்து கிடக்கக் கண்டால், அதன் எண்ணையும் எழுத்துக்களையும், கண்ட இடத்தையும் நாளையும் குறித்து, வளையத்திலுள்ள முகவரிக்கு அறிவியுங்கள். எங்கோ ஒரு விடியலில் தொடங்கிய வரி அப்போதுதான் நிறைவுறும்.