அங்கீகாரத்துக்கு முன்னும் பின்னும்: கல்லூரி வாரியம் செய்யவேண்டியவை

எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளையைப் பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோர் முதலில் கேட்பது, "பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கிடைக்குமா?" என்பதுதான். அடுத்தது, "அரசாங்க வேலைக்கு இந்தச் சான்றிதழ் செல்லுமா?" இரண்டும் அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தவை. எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி முகமை 2007 நவம்பரில் தொடங்கியது. அதற்கு முன் 'லான்' என்ற தேசிய அங்கீகார வாரியம் இருந்தது.

மதிப்பீட்டாளர்கள் வருவார்கள், கோப்புகளைப் பார்ப்பார்கள், சான்றிதழ் தருவார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கீகாரம் பெறும் வேலை பல ஆண்டுகளுக்கு முன்பே கல்லூரி வாரியத்தின் கூட்ட அறையில் தொடங்கிவிடுகிறது. கோயில் நிர்வாகத்திலும் தமிழ்ப்பள்ளி வாரியத்திலும் இருந்து பழகிய நம்மவர்களைக் கல்லூரி வாரியத்துக்கும் அழைக்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள் தம் வேலை எது, தம் வேலை அல்லாதது எது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும்.

பாயான் பாரு, நிபோங் திபால் போன்ற இடங்களில் உள்ள 'கோலேஜ் கொமுனிடி'கள் அரசாங்கத்துடையவை. நாட்டில் 2001இல் அறிமுகமான இந்தச் சமூகக் கல்லூரிகளை உயர்கல்வி அமைச்சின் துறையே நடத்துகிறது. அதனால் வாரியத்தின் முழு எடையைப் பார்க்க, ஒரு சமூகம் தன் பணத்தில் எழுப்பிய கல்லூரிகளிடம் போகவேண்டும். ஜார்ஜ்டவுனில் தியோச்சியூ சீனர்கள் 1919இல் தொடங்கிய ஹான் சியாங் தொடக்கப்பள்ளி, 1950இல் உயர்நிலைப்பள்ளியாகவும் 1999இல் கல்லூரியாகவும் விரிந்தது. அந்தக் கல்லூரி 2017இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது. நம் தரப்பில், எம்.ஐ.இ.டி. அறநிறுவனம் 2001இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், கடாவின் செமிலிங்கில் இருக்கிறது. இத்தகைய இடங்களில் நன்கொடை தந்தவர்களே வாரியத்திலும் அமர்வது இயல்பு. அந்த அக்கறைதான் கல்லூரியை வளர்க்கிறது. "பணம் கொடுத்தவர்கள் நாங்கள்" என்ற உரிமைப் பேச்சாக அது மாறும்போது கல்லூரி தடுமாறுகிறது.

ஆகவே முதல் வேலை, வாரியம் தன்னையே ஒழுங்குபடுத்திக்கொள்வது. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டப்படி ஒரு நிறுவனமாகப் பதிவு செய்தவர்களே கல்லூரி தொடங்க விண்ணப்பிக்க முடியும். நிறுவன இயக்குநர்கள் கணக்கைப் பார்ப்பார்கள்; கல்லூரி வாரியம் கல்வியைப் பார்க்கவேண்டும். இரண்டிலும் அதே முகங்கள் இருந்தாலும் அதிகாரங்களைத் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும், கூட்டக் குறிப்புகளும் தனியாக இருக்கவேண்டும். வாரியம் போதிய தன்னாட்சியோடு கொள்கை வகுக்கிறதா என்பது எம்.கியூ.ஏ.வின் நிறுவனத் தணிக்கையில் பார்க்கப்படும் ஒன்று. அதைக் காட்டிக்கொடுப்பவை கூட்டக் குறிப்புகள்தாம். ஆண்டு முழுவதும் கூரைப் பழுதையும் பட்டமளிப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பதையும் மட்டுமே பேசிய வாரியத்துக்கும், எத்தனை மாணவர்கள் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று கேட்ட வாரியத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும்.

அடுத்தது புதிய படிப்பின் முன்மொழிவு. பாடத்திட்டம் கல்விக் குழுவின் கையில் இருக்கவேண்டும். ஒரு டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணிநேர உழைப்பு. ஆக 3,600 மணிநேரம். அதை எப்படிப் பங்கிடுவது என்பதில் வாரியம் தலையிடக்கூடாது. வாரியம் கேட்கவேண்டியவை வேறு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் இந்தப் படிப்பு முடித்தவரை எடுக்குமா? தகுதியுள்ள விரிவுரையாளர்கள் கிடைப்பார்களா? முதல் தொகுதி மாணவர்கள் படித்து முடிக்கும்வரை ஆய்வகச் செலவைத் தாங்க முடியுமா? "முடியும்" என்றால் அந்தத் தொகை பட்ஜெட்டில் இருக்கவேண்டும்.

பிறகு தற்காலிக அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் போகும். அது கிடைத்து, அமைச்சின் அனுமதியும் வந்த பிறகே மாணவர்களைச் சேர்க்கலாம். அனுமதி வருவதற்கு முன்பே விளம்பரம் செய்துவிடலாம் என்ற யோசனையை யாராவது கொண்டுவந்தால், அதைத் தடுக்கவேண்டியவர் வாரியத் தலைவர்.

முதல் தொகுதி இறுதியாண்டுக்கு வந்ததும் முழு அங்கீகாரத்துக்கான வேலை தொடங்கும். கல்லூரி தன்னைத் தானே மதிப்பிட்டு ஓர் அறிக்கை எழுதவேண்டும். பாடத்திட்டம், தேர்வு முறை, மாணவர் சேர்க்கை, விரிவுரையாளர்கள், கற்றல் வளங்கள், நிர்வாகம், தொடர் கண்காணிப்பு என ஏழு பகுதிகள். என் கணிப்பில் வாரியத்தின் குணம் முழுதாக வெளிப்படும் கட்டம் இதுதான். முதல்வர் குறைகளை நேர்மையாக எழுதியிருப்பார், "இதையெல்லாம் நாமே சொல்லவேண்டுமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்பார். சொல்லத்தான் வேண்டும். அறிக்கையிலிருந்து நீக்கிய குறையை மதிப்பீட்டாளர்கள் மாணவர்களிடம் பேசித் தெரிந்துகொள்வார்கள். எழுதிய ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் அதைத் தீர்க்கும் தேதியும் பணமும் இருக்கும்படி பார்ப்பதே வாரியத்தின் கடமை.

நேரில் வரும் குழுவில் பிற கல்வி நிலையங்களின் விரிவுரையாளர்களும் துறை வல்லுநர்களும் இருப்பார்கள். மருத்துவம், தாதிமை, பொறியியல் என்றால் அந்தந்தத் தொழிலின் மன்றங்களுக்கும் பங்கு உண்டு. மாணவர்களும் ஊழியர்களும் குழுவோடு பேசும் அறையில் வாரியத்தினர் இருக்கக்கூடாது. முதல்வரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், மாணவர் சேர்க்கையிலோ மதிப்பெண்ணிலோ வாரியம் தலையிட முடியுமா என்ற கேள்விகளுக்கு வாரியத்தினரிடம் தெளிந்த பதில் இருக்கவேண்டும்.

வாரியம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் காம்ப்டன் சமூகக் கல்லூரி சாட்சி. நிதியும் நிர்வாகமும் சீர்கெட்டதால் 2004இல் அதன் வாரியத்தின் அதிகாரத்தை மாநிலம் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு அங்கீகாரத்தைப் பறிக்கும் முடிவு வந்தது. பக்கத்திலிருந்த எல் கமினோ கல்லூரியின் கிளையாக இயங்கித்தான் அது மாணவர்களைக் காப்பாற்றியது. தன் பெயரில் மறுபடி அங்கீகாரம் பெற்றது 2017இல்.

வருகைக்குப் பின் அறிக்கையின் வரைவு கல்லூரிக்கு வரும். தகவல் பிழைகளை மட்டும் திருத்தக் கேட்கலாம். பிறகு அங்கீகாரக் குழு வழங்கலாம், நிபந்தனையோடு வழங்கலாம், மறுக்கலாம். மறுத்தால் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்ய வழி உண்டு. வழங்கினால் படிப்பின் பெயர் எம்.கியூ.ஆர். என்னும் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் ஏறும். பெற்றோர் அதை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், தம் பிள்ளை சேரும் அதே படிப்பு, அதே வளாகம், அங்கீகாரக் காலம் மூன்றையும் சரிபார்க்க வேண்டும்.

வழங்கியதோடு முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இணக்கத் தணிக்கை வரும். நம் மின்டன் வளாகத்துப் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2010இல் தன் படிப்புகளுக்குத் தானே அங்கீகாரம் வழங்கும் தகுதி பெற்றது; அங்கும் கண்காணிப்பு ஓயவில்லை. சிறிய கல்லூரி வாரியங்கள் நிபந்தனைகளின் நிலையை ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக வைப்பது நல்லது. ஒரு படிப்பை நிறுத்த நேர்ந்தால், ஏற்கெனவே சேர்ந்த கடைசி மாணவர் முடிக்கும்வரை விரிவுரையாளரும் ஆய்வகமும் இருக்கும்படி பணத்தை ஒதுக்கிவைத்த பிறகே அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட வேண்டும்.